சண்டையே நடக்காத கண்டியில் இத்தனை யுத்தக் கல்லறைகள் எதற்கு?

ஒவ்வொரு நவம்பரிலும் கண்டி யுத்த மயானத்தில் மலர்வளையம் வைக்கும் படங்கள் வெளிவரும். அவற்றைப் பார்க்கிற மலையகத்து ஆட்களிடம் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகள்தான். ஜப்பான்காரன் கண்டிக்கு வரவேயில்லையே, அப்புறம் எப்படி இங்கே இருபது வயதுப் பையன்கள் யுத்தத்தில் செத்தவர்களாகப் படுத்திருக்கிறார்கள்? ஆபிரிக்காக்காரன் எப்படி மகாவலிக் கரைக்கு வந்தான்? நம்முடைய ஆட்களின் பெயர் ஏன் அவ்வளவாக இல்லை?

மூன்றுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்ல அந்தக் காலத்துச் சாதாரண காலாட்படைச் சிப்பாய் எப்படி வாழ்ந்தான், எப்படிச் செத்தான், செத்த பிறகு அவனை யார் எப்படி எழுதிவைத்தார்கள் என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும். இது தனி ஒருவனின் கதை அல்ல. கண்டியில் புதைக்கப்பட்ட எல்லோரும் காலாட்படைக்காரர்களும் அல்ல. விமானப்படை, கடற்படை ஆட்களும், லொறி ஓட்டியவர்களும் உண்டு. ஆனால் காலாட்படைக்காரனைப் புரிந்துகொண்டால் மற்றவர்களைப் புரிந்துகொள்வது சுலபம்.

முதலில் நான்கு சொற்கள்

1. காலாட்படை. துப்பாக்கியும் மூட்டையுமாக நடந்து போய் ஓர் இடத்தைப் பிடிப்பதும், பிடித்த இடத்தில் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பதும் இவர்கள் வேலை. பீரங்கிக்காரன் சில மைல் பின்னாலிருந்து சுடுவான், விமானக்காரன் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவான், இவன் அங்கேயே இருப்பான். ஒரு படையில் காலாட்படைக்காரர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தாலும் சாவில் பெரும்பங்கு அவர்களுக்கு விழுவது இதனால்தான்.

2. அணி அமைப்பு. பிரித்தானிய முறைப்படி சுமார் 10 பேர் ஒரு செக்ஷன். மூன்று செக்ஷன் சேர்ந்தால் 30, 35 பேர் கொண்ட பிளட்டூன். மூன்று பிளட்டூன் ஒரு கம்பனி. நான்கு கம்பனிகளும் தலைமையகமும் சேர்ந்தால் ஏறத்தாழ 800 பேர் கொண்ட பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், மூன்று பிரிகேட்டோடு பீரங்கி, பொறியியல், வைத்தியப் பிரிவெல்லாம் சேர்ந்தால் டிவிஷன். சிப்பாயைப் பொறுத்தவரை செக்ஷன்தான் அவன் உலகம். டிவிஷன் தளபதியை அவன் தூரத்தில் ஒரு தடவை பார்த்திருந்தால் பெரிய விஷயம்.

3. ரெஜிமென்ட். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பிரித்தானிய முறையில் காலாட்படை ரெஜிமென்ட் என்பது ஒன்றாகப் போய்ச் சண்டை போடும் அணி அல்ல. அது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. ஒரே ரெஜிமென்டின் ஒரு பட்டாலியன் பர்மாவிலும் இன்னொன்று இத்தாலியிலும் இருக்கலாம். கல்லில் ரெஜிமென்ட் பெயரை மட்டும் பார்த்து "இவன் இந்தச் சண்டையில் செத்தான்" என்று முடிவுகட்ட முடியாது.

4. யுத்த இறப்பு. மிக முக்கியமான சொல் இது. யுத்தத்தில் இறந்த படையினரின் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் பொதுநலவாய போர்க்கல்லறைகள் ஆணைக்குழுவின் கணக்கில் இரண்டாம் உலகப் போர் 1939 செப்டம்பர் 3 இல் தொடங்கி 1947 டிசம்பர் 31 வரை நீள்கிறது. அந்தக் காலத்துக்குள் படையில் இருக்கும்போது இறந்தால் போதும், காரணம் என்னவென்று பார்ப்பதில்லை. குண்டடி பட்டவனும், காய்ச்சலில் போனவனும், 1946 இல் லொறி புரண்டு செத்தவனும் ஒரே கணக்கில்தான் வருவார்கள். முதலாம் உலகப் போருக்கும் இப்படியே: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை.

நான்காவது சொல் புரிந்தாலே முதல் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். சண்டை நடக்காத ஊரிலும் யுத்தக் கல்லறை இருக்கலாம்.

1942க்குப் பிறகு மலைநாட்டில் என்ன நடந்தது

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், ஏப்ரல் 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்து தரையிறங்கப் போகிறார்கள் என்று எல்லோரும் பயந்த நேரம். அவசர அவசரமாக அவுஸ்திரேலிய, இந்திய, கிழக்கு ஆபிரிக்கத் துருப்புகளை இலங்கையில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஜப்பானியர் தரையிறங்கவில்லை, வந்த துருப்புகளில் அவுஸ்திரேலியர் சில மாதங்களில் போய்விட்டார்கள். ஆனால் தீவு ஒரு பெரிய முகாமாக மாறியது. காடு, மழை, சேறு, அட்டை எல்லாம் இங்கே தாராளமாகக் கிடைத்ததால் பர்மாக் காட்டுக்குப் போகப்போகிறவனைப் பழக்க இலங்கை தோதான இடமாகத் தெரிந்தது.

1944 ஏப்ரலில், இந்தப் பகுதியில் ஜப்பானோடு சண்டை போட்ட நேச நாட்டுப் படைகளை நடத்திய தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகமே டில்லியிலிருந்து கண்டிக்கு வந்தது. அதன் தளபதி மவுண்ட்பேட்டன் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அலுவலகம் போட்டார். இன்றைக்கு நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போகிற அதே பூங்காதான். தலைமையகம் வந்தால் அதன் பின்னாலேயே வைத்தியசாலை வரும், வாகனப் பிரிவு வரும், தகவல் தொடர்பு வரும், சமையல்காரன் வருவான். இத்தனை ஆயிரம் பேர் ஓரிடத்தில் வருடக்கணக்கில் இருந்தால் சிலர் சாகத்தான் செய்வார்கள்.

அப்படி இறந்தவர்களைப் புதைத்த இடந்தான் நகரத்துக்கு வெளியே பேராதனைப் பக்கமாக, மகாவலிக்குக் கிட்ட இருக்கும் அந்த மயானம். ஏறத்தாழ 200 கல்லறைகள். பாதிக்கும் அதிகமானவை பிரித்தானியருடையவை. அடுத்தபடியாகக் கிழக்கு ஆபிரிக்கர், அப்புறம் இலங்கையர், இந்தியர், சில கனடாக்காரர், இரண்டு மூன்று இத்தாலியர் கூட.

அந்தப் பையன் எப்படிப் படைக்கு வந்தான்

பிரித்தானியப் பையன் வந்த வழி நேரானது. 1939 இல் போர் தொடங்கிய அன்றே 18 முதல் 41 வயது வரையான ஆண்களைக் கட்டாயமாகப் படைக்கு அழைக்கும் சட்டம் வந்துவிட்டது. கடிதம் வரும், வைத்தியப் பரிசோதனை நடக்கும், சில மாதங்கள் பயிற்சி, அப்புறம் கப்பல்.

கிழக்கு ஆபிரிக்கப் பையனின் வழி கொஞ்சம் வேறு, நமக்குக் கொஞ்சம் தெரிந்த மாதிரியும் இருக்கும். கென்யா, உகண்டா, தங்கனிக்கா (இன்றைய தன்சானியாவின் பெருநிலம்), நியாசாலாந்து (இன்றைய மலாவி) கிராமங்களில் குடிசை வரி கட்டக் காசு வேண்டும், காசு சம்பாதிக்க வேலை வேண்டும், படையில் சம்பளம் உண்டு. போதாததற்கு, ஆள் தேடித் தரும்படி ஊர்த் தலைவர்களுக்கு மேலிருந்து நெருக்கடி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் கங்காணி வந்து ஆள்கட்டிக் கப்பலேற்றிய விதத்தை நினைத்துப் பாருங்கள். அடிமையாகப் பிடித்துப்போனார்கள் என்றும் சொல்ல முடியாது, அவனாக விரும்பி வந்தான் என்று சொன்னாலும் முழு உண்மை ஆகாது. இப்படி வந்த சிப்பாய்க்கு 'அஸ்காரி' என்று பெயர். சிப்பாய்கள் ஆபிரிக்கர், மேலே அதிகாரிகள் வெள்ளையர், கட்டளைக்குப் பொது மொழி சுவாஹிலி. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரச் சிப்பாய்க்குக் கிடைத்ததைவிட மிகக் குறைந்த சம்பளம்.

இவர்களில் பெரும்பாலோர் மன்னரின் ஆபிரிக்கத் துப்பாக்கிப்படை என்ற ரெஜிமென்டைச் சேர்ந்தவர்கள். அதன் பட்டாலியன்களை முதுகெலும்பாக வைத்து 1943 இல் 11ஆவது கிழக்கு ஆபிரிக்க டிவிஷனை அமைத்து, இலங்கையில் காட்டுப் பயிற்சி கொடுத்து, 1944 நடுப்பகுதியில் பர்மா முனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே கபாவ் பள்ளத்தாக்கு. பருவமழையின் நடுவில் தாமு என்ற ஊரிலிருந்து தெற்கே ஜப்பானியரைத் துரத்திக்கொண்டு போனார்கள். மழைக்காலத்தில் அந்த முனையில் யாரும் முன்னேற மாட்டார்கள் என்பதுதான் அதுவரை இருந்த எண்ணம். மாட்டுவண்டியே போகாத பாதையில் மரம் வெட்டிப் போட்டு லொறிக்கு வழி செய்தார்கள், சாப்பாடு பல நாள் விமானத்திலிருந்துதான் விழுந்தது, காயம் பட்டவனை முதுகிலும் ஸ்ட்ரெச்சரிலும் சேற்றில் சுமந்துதான் பின்னால் கொண்டுவர முடிந்தது. 1944 டிசம்பர் தொடக்கத்தில் சிந்வின் ஆற்றங்கரையில் கலேவாவைப் பிடித்தார்கள். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே போட்ட 1,154 அடி நீளப் பெய்லி பாலம் (இரும்புத் துண்டுகளைப் பூட்டி வேகமாகப் போடும் பாலம்) அப்போது உலகத்திலேயே நீளமானது என்று பேசப்பட்டது. அந்தப் பாலத்தின் மேலால் மற்ற டிவிஷன்கள் மண்டலாய் பக்கம் போனார்கள், புகழும் அவர்களோடு போய்விட்டது. கபாவ் பள்ளத்தாக்கைப் பற்றி இன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

எதனால் செத்தார்கள்

சினிமா பார்த்துப் பழகிய நமக்கு யுத்தச் சாவு என்றால் குண்டுதான். பர்மா முனையில் குண்டைவிடக் கொசு அதிகம் வேலை செய்தது. பர்மாவில் சண்டை போட்ட பிரித்தானிய 14ஆவது படையின் தளபதி ஸ்லிம் சொன்ன கணக்கு இது: 1943 இல் காயத்தோடு ஒருவனைப் பின்னால் அனுப்பினால், நோயோடு 120 பேரை அனுப்ப வேண்டியிருந்தது. மலேரியா மட்டுமே வருடத்துக்கு மொத்தப் படையின் 84 சதவீதத்தைத் தாக்கியது. எல்லோரும் சாகவில்லை, சரி. ஆனால் பட்டாலியன் ஒன்று சண்டைக்குப் போகும் முன்பே காலியாகிவிடுகிற நிலை.

இதற்கு மருந்து இருந்தது, மெபக்ரின் மாத்திரை. தினமும் விழுங்க வேண்டும், தோல் மஞ்சளாகிவிடும், ஆண்மை போய்விடும் என்று சிப்பாய்களிடையே வதந்தி வேறு. அதனால் வாயில் போட்டுத் துப்பிவிடுவார்கள். ஸ்லிம் திடீர்ப் பரிசோதனை வைத்தார், 95 சதவீதம் பேருக்குக் குறைவாக மாத்திரை விழுங்கிய பட்டாலியன்களின் கட்டளை அதிகாரியை வீட்டுக்கு அனுப்பினார். மூன்று பேரை அனுப்பியதும் மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். யுத்த வரலாற்றில் என்னைக் கேட்டால் இதெல்லாம்தான் முக்கியமான சம்பவம், ஆனால் எந்த நினைவுத்தூணிலும் வராது.

அடுத்தது ஸ்கிரப் டைபஸ். புல்லிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சியின் குஞ்சு கடித்து வருகிற காய்ச்சல். பர்மாவில் மட்டுமல்ல, இலங்கையில் பயிற்சி எடுத்த துருப்புகளிடையேயும் வந்தது. இதைக் குணப்படுத்தும் மருந்து 1948 வாக்கில்தான் கிடைத்தது, அதுவரை தாதி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை.

சரி, படைப் பதிவில் ஒரு சாவை எப்படி எழுதுவார்கள்? பொதுவாக நான்கு வகை.

1. களத்தில் கொல்லப்பட்டார். எதிரியின் ஆயுதத்தால், அந்த இடத்திலேயே.
2. காயங்களால் இறந்தார். வைத்திய உதவி கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகு. சில மணி நேரமாகவும் இருக்கலாம், சில மாதமாகவும் இருக்கலாம்.
3. இறந்தார். நோய், விபத்து, மூழ்குதல், மற்ற எல்லாமே. முனையிலிருந்து தூரத்தில் இருந்த கண்டி போன்ற தளங்களில் புதைக்கப்பட்டவர்களுக்குப் பொருந்துவது பெரும்பாலும் இந்த ஒற்றைச் சொல்தான்.
4. காணாமல் போனார், இறந்ததாகக் கருதப்படுகிறார். இந்த நாட்டு வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது வகையில் கடல் சாவுகளும் சேரும். 1944 பெப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற கப்பலை மாலைதீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. இரண்டு நிமிடத்தில் மூழ்கியது. 1,297 பேர் செத்தார்கள், பெரும்பாலானோர் 11ஆவது டிவிஷனில் சேர வந்துகொண்டிருந்த கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர். தாதியர் உட்பட 77 பெண்களும் அதில் போனார்கள். அவர்களுக்கு எங்கேயும் கல்லறை இல்லை. ஆபிரிக்கப் படையினரின் பெயர்கள் நைரோபியில் உள்ள நினைவுச் சுவரில் இருக்கின்றன. அதேபோல பர்மாவில் உடல் கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரங்கூனுக்கு வெளியே தௌக்யானில் உள்ள நினைவுத் தூண்களில் இருக்கின்றன.

ஏன் ஊருக்குக் கொண்டுபோகவில்லை

1915 இல், முதலாம் உலகப் போரின் நடுவில், இறந்தவர்களின் உடலை வீட்டுக்கு அனுப்புவதைப் பிரித்தானியப் படை தடை செய்தது. சில பணக்காரக் குடும்பங்கள் மட்டும் பிள்ளையின் உடலைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோனதுதான் காரணங்களில் ஒன்று. பணம் இருப்பவன் பிள்ளை ஊருக்கும் இல்லாதவன் பிள்ளை சேற்றுக்கும் என்றால் படைக்குள் என்ன பேச்சு எழும்? அதனால் எல்லோருமே விழுந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். இரண்டாம் போரிலும் அதே விதிதான்.

இதைப் பார்த்துக்கொள்ள 1917 இல் உருவானதுதான் போர்க்கல்லறைகள் ஆணைக்குழு. அப்போது அதன் பெயரில் 'பேரரசு' என்றிருந்தது, 1960 இல் 'பொதுநலவாய' ஆயிற்று. அது வைத்த விதிகள்: ஒவ்வொருவருக்கும் பெயரோடு நினைவுக்குறி, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல், சாதி சமயம் பதவி பார்த்து வேறுபாடு கூடாது. காகிதத்தில் அருமையான விதிகள். நடைமுறையைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

கல்லில் இருப்பதும் இல்லாததும்

எந்தப் பொதுநலவாய யுத்தக் கல்லறைக்குப் போனாலும் கல்லை இப்படிப் படிக்கலாம்.

1. மேலே இலச்சினை: ரெஜிமென்ட் அல்லது படைப்பிரிவின் அடையாளம்.

2. இலக்கம். பெயர் பிழையாக எழுதப்பட்டிருக்கலாம், இலக்கம் பிழைப்பது குறைவு. தேடும்போது முதலில் பிடிக்க வேண்டியது இதைத்தான்.

3. பதவி, பெயர், பிரிவு, இறந்த தேதி.

4. வயது. இங்கே நின்று கவனியுங்கள். பிரித்தானியக் கற்களில் வயது சாதாரணமாக இருக்கும். ஆபிரிக்க, இந்தியச் சிப்பாய்கள் பலரின் பதிவில் இருக்காது. ஆணைக்குழு கல் வெட்டும் முன் குடும்பத்துக்குப் படிவம் அனுப்பி வயது, பெற்றோர் பெயர் போன்ற விவரங்களைக் கேட்கும். அஞ்சல் போகும் முகவரியும், எழுதப் படிக்கத் தெரிந்த ஆளும் வீட்டில் இருந்தால்தான் அந்தப் படிவம் நிரம்பித் திரும்பும். நியாசாலாந்துக் கிராமத்துத் தாய்க்கு மகன் செத்த செய்தியே மாவட்ட அதிகாரியிடமிருந்து ஊர்த் தலைவர் வாய் வழியாகப் போனால் உண்டு.

5. சமயக் குறி. கிறிஸ்தவருக்குச் சிலுவை. முஸ்லிம் என்றால் அரபு வாசகம், மக்காவை நோக்கிய கல்லறை. இந்து என்றால் அனேகமாகக் கல்லே இருக்காது, காரணம் தகனம். தகனம் செய்யப்பட்டவர்களின் பெயர்கள் தனி நினைவுப் பலகையில் வரும். தௌக்யானில் மட்டும் அப்படி ஆயிரத்துக்கும் மேல். இந்துச் சிப்பாய்க்குக் கல் வைத்த இடங்களில் 'ஓம் பகவதே நம' என்று தேவநாகரியில் வெட்டியிருப்பார்கள். திருநெல்வேலிக்காரனாக இருந்தாலும் தேவநாகரிதான். யாரும் கேட்கவில்லை போலும்.

6. அடியில் வீட்டார் வரி. முதலாம் போரில் குடும்பம் 66 எழுத்துக்குள் ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம், எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம் கேட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் விரும்பினால் கட்டலாம் என்று ஆனது. 'எங்கள் ஒரே மகன்' மாதிரியான வரிகள் வருவது இப்படித்தான். இதுவும் முகவரி இருந்த வீடுகளுக்கே கிடைத்தது.

ஆக, ஒரே அளவு கல், ஒரே வெள்ளை, ஒரே வரிசை. படித்துப் பார்த்தால் ஒருவனுக்கு வயது, தாய் தகப்பன், ஊர், பிரியாவிடை வரி எல்லாம் இருக்கிறது, பக்கத்தில் இருப்பவனுக்கு இலக்கமும் பெயரும் தேதியும்தான். இறப்பை மட்டும் சமமாகப் பதிந்திருக்கிறார்கள், வாழ்வைப் பதிவு செய்ததில் சமம் இல்லை.

அந்தச் சமம் கூட முழு உண்மை இல்லை என்பதை ஆணைக்குழுவே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கையில் ஒத்துக்கொண்டது. முதலாம் உலகப் போரில் ஆபிரிக்க, இந்திய, எகிப்திய ஆட்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை. கிழக்கு ஆபிரிக்காவில் சுமை தூக்கிச் செத்தவர்கள் இதில் மிக அதிகம். இவர்களுக்குத் தனிக் கல் வைத்தால் இவர்களுக்கு விளங்காது என்று அன்றைய காலனித்துவ அதிகாரிகள் எழுதிய கடிதங்களும் அதில் வெளிவந்தன. அறிக்கை வந்த அன்றே பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

சின்னத்துரை சிப்பாயானபோது

ஒப்பிட்டுப் பார்க்க மலைநாட்டிலேயே இன்னோர் இளம் காலாட்படைக்காரன் இருக்கிறான். 1914 அக்டோபரில் இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப்படையிலிருந்து 237 பேர் கொழும்பில் கப்பலேறினார்கள். எல்லோரும் வெள்ளையர், படையே தேயிலை, ரப்பர் தோட்டத் துரைமாருக்காக 1900 இல் தொடங்கப்பட்டதுதான். எகிப்துக்குப் போய், சுயெஸ் கால்வாய்க் காவலில் நின்று, 1915 ஏப்ரலில் துருக்கியின் கலிபோலியில் அவுஸ்திரேலிய நியூசிலாந்துப் படைகளோடு இருந்தார்கள், அங்கே அப்படைகளின் தளபதி பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவலாகவும் நின்றார்கள். முந்தின மாதம்வரை பிரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த சின்னத்துரை (பெரிய துரைக்குக் கீழே இருந்த இளைய தோட்ட அதிகாரி), இங்கே தானே வரிசையில் நின்று பேர் கொடுத்தான். பலரும் சீக்கிரத்தில் அதிகாரிகளாக வேறு ரெஜிமென்ட்களுக்குப் போனார்கள், அங்கே செத்தவர்களும் நிறைய.

இப்படிப் போனவன் செத்தால் தந்தி வீட்டுக்குப் போகும் (அதிகாரிக்குத் தந்தி, சிப்பாய்க்குத் தபாலில் அச்சடித்த படிவம், அதிலும் வித்தியாசம்). அவன் படித்த பள்ளிக்கூடம் தன் வீரர் பட்டியலில் படத்தோடு போடும், மாதா கோவிலில் பித்தளைப் பலகை வைப்பார்கள். நூறு வருடம் கழித்தும் அவன் எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தான், கிரிக்கெட்டில் எப்படி ஆடினான் என்பது வரை எடுக்கலாம். அவன் செத்ததும் துயரம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே தோட்டத்து லயத்தில் அவனுக்கு நேர் வயதில் இருந்த பையனைப் பற்றிச் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒரு பெயரும் கைக்காசுக் கணக்கும்தான் கிடைக்கும்.

அப்படியானால் நம்முடைய ஆட்கள்?

தமிழ் பேசிய காலாட்படைக்காரர்கள் இருந்தார்கள். 1920களில் கலைக்கப்பட்ட மதராஸ் காலாட்படையை 1941 இல் 3ஆவது மதராஸ் ரெஜிமென்ட் என்ற பெயரில் மறுபடி எழுப்பினார்கள். பர்மா முனையில் அதுவும் இருந்தது. எதிர்ப்பக்கத்திலும் தமிழர் இருந்தார்கள். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களும் துப்பாக்கி தூக்கி, அதே பர்மாவில், அதே மழையில், அதே மலேரியாவில் செத்தார்கள். பிரித்தானியக் கணக்கில் அவர்கள் எதிரிகள், அதனால் இந்த ஆணைக்குழுவின் பட்டியலில் வரமாட்டார்கள்.

இன்னும் கொடுமையான கணக்கு ரயில் பாதையினுடையது. 1942, 43 இல் சியாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் பாதையில் 12,000க்கும் அதிகமான நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். அவர்கள் சிப்பாய்கள், ஆகவே காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயரோடு கல்லறைகள் இருக்கின்றன. அதே பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் பல பதினாயிரம், சில மதிப்பீடுகள் ஒரு இலட்சத்தை நெருங்கும். அதில் கணிசமானோர் மலாயாத் தோட்டத் தமிழர்கள், நம் ஆட்களைப் போலவே கங்காணி கூட்டிப்போன குடும்பங்கள். அவர்கள் யாரும் சிப்பாய் இல்லை. விதிப்படி அவர்களுக்குக் கல் இல்லை, பட்டியலும் இல்லை.

மலையகம் அந்தக் காலத்தில் துப்பாக்கி தூக்கியதைவிடத் தன் வேலையால்தான் யுத்தத்தில் அதிகம் இருந்தது. மலாயா ஜப்பானியர் கைக்குப் போன பிறகு நேச நாடுகளுக்குக் கிடைத்த இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இலங்கையிலிருந்து போனது, மரமே பட்டுப்போகும் அளவுக்குப் பால் வெட்டினார்கள். பர்மா அரிசி நின்றதால் அரிசி பங்கீட்டுக்குப் போய், கோதுமை மா வந்தது. லயத்துக் காலைச் சாப்பாட்டில் ரொட்டி இவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்ததற்கு அந்த வருடங்களும் ஒரு காரணம். ஆக கபாவ் பள்ளத்தாக்கில் நடந்தது நம் அடுப்படி வரை வந்திருக்கிறது, மயானத்தில் அது தெரியாது.

உங்கள் வீட்டில் ஒருவர் இருந்திருந்தால்

"எங்கள் தாத்தாவின் தம்பி பட்டாளத்துக்குப் போனார், திரும்பவில்லை" என்று சொல்லும் குடும்பங்கள் மலையகத்தில் உண்டு. தேட நினைத்தால் சில விஷயங்கள் உதவும்.

1. ஆணைக்குழுவின் பெயர்த் தேடல் இணையத்தில் இலவசம். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். முத்துசாமி என்ற ஒரு பெயரையே வெள்ளைக்கார எழுத்தர் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார். தகப்பன் பெயர் முதற்பெயராகவும் பதிவாகியிருக்கலாம்.

2. ஊரை இலங்கை என்று மட்டும் தேடாதீர்கள். அன்றைய தோட்டத்து ஆளுக்குப் பதிவில் சொந்த ஊராக இந்திய மாவட்டம்தான் விழுந்திருக்கக்கூடும், அதுவும் திருச்சிராப்பள்ளி, இராமநாதபுரம், திருநெல்வேலி என்பவற்றின் பழைய ஆங்கில உச்சரிப்பில்.

3. காலாட்படையை மட்டும் பார்க்காமல், பாதை போடும் பயனியர் பிரிவுகள், பொறியியல் பிரிவுகள், வாகன, வைத்தியப் பிரிவுகளையும் பாருங்கள். காலாட்படை தவிர்ந்த இடங்களில்தான் தென்னிந்தியர் அதிகம்.

4. கல்லறையை மட்டும் தேடாமல் நினைவுப் பலகைகளையும் தேடுங்கள். தகனம் செய்யப்பட்டவரும் காணாமல் போனவரும் அங்கேதான்.

5. பட்டியலில் பெயரே இல்லை, ஆனால் அவர் படையில் இருந்து இறந்தது உறுதி என்றால் ஆணைக்குழு இன்றைக்கும் புதிய பெயர்களைச் சேர்க்கிறது. வீட்டுக் கதை போதாது. படையில் இருந்ததற்கும் குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்ததற்கும் ஆவணம் கேட்பார்கள். படையிலிருந்து விலகிய பிறகு இறந்தவர் என்றால், அந்தச் சாவுக்குக் காரணம் படைச் சேவைதான் என்று காட்டும் ஆவணமும் வேண்டும். பழைய டிரங்குப் பெட்டியில் சம்பளப் புத்தகம், பதக்கம், விலக்குச் சான்றிதழ், ஓய்வூதியக் கடிதம் எதுவும் கிடந்தால், முதலில் அதில் இலக்கத்தைப் பாருங்கள்.